தட்டில் எத்தனை கிராம் நார்?

எந்தக் கீரை புற்றுநோயைத் தடுக்கும் என்று கேட்டால் நேரான பதில் ஒன்றுதான்: தனியாக எந்தக் கீரையும் தடுக்காது. ஆனாலும் கீரை, காய், பயறு, தவிடு நீங்காத தானியம் இவற்றை வருடக்கணக்காக, நாள் தவறாமல், தாராளமாகச் சாப்பிட்டு வருகிறவர்களிடம் சில வகைப் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்படுகின்றன. முதல் செய்தியை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஊதிப் பெருக்கினால் முள்சீத்தாப்பழமும் மஞ்சள் மாத்திரையும் நன்றாக விற்கும். வாட்ஸப்பில் சுற்றி வருவதில் பெரும்பகுதி அப்படி ஊதியதுதான்.

புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் கூட்டம். காரணமும் ஒன்றுக்கொன்று மாறும். தமிழ்நாட்டுப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய், அடுத்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். ஆண்களிடம் இரைப்பை, வாய், நுரையீரல் ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைத் தட்டில் விழும் காய் தீர்மானிப்பதில்லை.

அதனால் வரும் சாவைக் குறைப்பது பரிசோதனை என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று நம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, ஏறத்தாழ 49,000 பெண்கள் வாழ்ந்த ஊர்களில் ஓர் எளிய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. திட்டு இருந்தவர்களுக்கு மேல்சோதனை, சிகிச்சை. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறந்த பெண்கள், நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. ஒரு பஞ்சு செய்த இந்த வேலையை எந்த உணவும் செய்ததாக யாரும் காட்டியதில்லை. உணவைப் பற்றிப் பேச உட்காரும்போது இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் முருங்கைக்கீரை சாப்பிடுகிறேனே, பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

உணவின் கை ஓங்கியிருக்கும் இடம் பெருங்குடல். அங்கே பேச வேண்டிய பொருள் நார்.

டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் அயர்லாந்தில் பிறந்து, உகாண்டாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். இங்கிலாந்து மருத்துவமனைகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கும் குடல் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரிதாக இருப்பதைக் கவனித்தார். காரணம் தேடிப் போனவர் மலத்தின் எடையையும், சாப்பிட்டது வெளியே வர எடுக்கும் நேரத்தையும் அளக்க ஆரம்பித்தார். கௌரவமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நார் மிகுந்த உணவு, அதிக மலம், வேகமான பயணம், ஆகவே குறைவான பெருங்குடல் புற்றுநோய் என்று அவர் 1971-இல் எழுதியதிலிருந்துதான் நாரைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சி கிளைத்தது.

நார் என்பது நம் சிறுகுடலால் செரிக்க முடியாத தாவரப் பகுதி. தவிட்டில், பயற்றுத் தோலில், கீரைத் தண்டில், பழச் சதையில் இருக்கிறது. செரிக்காததால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, இந்தப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. நாம் நார் சாப்பிடாத நாளில் குடல்சுவர் அரைப்பட்டினி. ஆய்வகத்தில் இதே பியூட்டிரேட்டைப் புற்றுச் செல்களின் மேல் விட்டால் அவை பெருகுவது குறைகிறது, பல செல்கள் செத்துப்போகின்றன. உடம்புக்குள்ளும் இதே அளவில் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்றாலும் திசை ஒன்றுதான்.

நார் பார்க்கும் இன்னொரு வேலை எளிமையானது. மலத்தின் பருமனைக் கூட்டி, குடலில் தங்கும் நேரத்தைக் குறைக்கிறது. கறியிலிருந்தும் பித்தநீரிலிருந்தும் உருவாகும் தீங்கான பொருள்கள் நீர்த்துப்போகின்றன. குடல்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் சுருங்குகிறது.

சான்று எவ்வளவு வலுவானது? ஐரோப்பாவில் 10 நாடுகளில் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த எபிக் ஆய்வு 2003-இல், நார் குறைவாகச் சாப்பிடும் மக்கள் அதை இரட்டிப்பாக்கினால் பெருங்குடல் புற்றுநோய் 40 சதவீதம் குறையலாம் என்று கணக்கிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டுக் கணக்கு நிதானமானது: அன்றாடம் கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு 10 கிராம் நாருக்கும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவு. எதிர்ச்சான்றும் உண்டு. குடலில் பாலிப் என்ற சிறு கட்டிகள் நீக்கப்பட்டவர்களுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் நார் கொடுத்துப் பார்த்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் 2000-இல் வெளிவந்தன. இரண்டிலும் கட்டிகள் முன்போலவே திரும்ப முளைத்தன. பாலிப் புற்றாக மாறப் பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகும்போது மூன்று வருடம் போதாது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. ஆனாலும் இரண்டு பக்கத்தையும் எடைபோட்ட உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018 அறிக்கையில் நாருக்கும் முழுத் தானியத்துக்கும் ‘அநேகமாகக் காக்கும்’ என்ற இரண்டாவது படியைத்தான் கொடுத்தது. ‘ஐயமில்லை’ என்ற முதல் படியைக் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது 30 கிராம் நார் என்பதும் அதன் பரிந்துரைதான்.

எனக்குப் பிடித்த ஆய்வு 2015-இல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பினத்தவர் 20 பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்துச் சாப்பாடு. தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேருக்கு அமெரிக்கச் சாப்பாடு. இரண்டே வாரம். நார் கூடிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்காக உயர்ந்தது, குடல்சுவரின் அழற்சி தணிந்தது, செல்கள் பெருகும் வேகம் குறைந்தது. பர்கர் சாப்பிட்ட கிராமத்தவர்களுக்கு எல்லாமே தலைகீழ். புற்றுநோய் வருகிறதா இல்லையா என்பதை இரண்டு வாரத்தில் பார்க்க முடியாது. ஆனால் பரம்பரை இதுதான், உடம்பு இப்படித்தான் என்று கையை விரிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

இனி மதுரைச் சாப்பாட்டுக்கு வருவோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. மைதாவிலும் அதே கதை. தவிடு நீக்காத கோதுமை மாவு, கம்பு, கேழ்வரகு ஒவ்வொன்றிலும் சுமார் 11 கிராம். சோளத்தில் 10. முழுப் பாசிப்பயற்றில் 17. கறுப்புக் கொண்டைக்கடலையில் 25.

காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, சாம்பார், ஒரு கரண்டி பொரியல், ராத்திரி சால்னாவோடு மூன்று பரோட்டா என்று ஒருவர் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தோராயமாகக் கூட்டிப் பார்த்ததில் நார் 20 கிராமைத் தாண்டவில்லை. வயிறு நிறைந்தது, குடலுக்குப் போதவில்லை. அதே நாளில் பரோட்டாவுக்குப் பதில் கம்பு தோசையும் ஒரு கிண்ணம் கீரையும், சாயங்காலம் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலும் வந்தால் கணக்கு 30-ஐத் தாண்டி 40 பக்கம் போய்விடுகிறது. மதுரைக்காரரிடம் பரோட்டாவை விடச் சொல்வது வீண்வேலை என்பது தெரியும். தினமும் என்பதை வாரம் ஒருமுறை என்று மாற்றச் சொல்லிப் பார்க்கலாம். தெப்பக்குளத்தின் கரையில் சாயங்காலக் காற்றுக்கு உட்கார்ந்து வாங்கித் தின்னும் சுண்டல், புற்றுநோய்க்கு எதிரான உணவு என்று எந்தக் கடையும் பலகை வைக்காத ஒன்று. நாரைப் பொறுத்தவரை அதை விஞ்சுவது கடினம்.

இந்த மண்ணில் நெல்தான் என்றும் ஆண்டது என்பதும் சரியில்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, அந்தத் தண்ணீர் வைகையில் கலந்த பிறகுதான் மேலூர் வரைக்கும் கால்வாய்ப் பாசன நெல் விரிந்தது. திருமங்கலம், பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் கம்பு, சோளம், குதிரைவாலி தொடர்ந்தன. பிறகு மெஷின் அரைத்த வெள்ளை அரிசி எல்லா வீட்டுக்கும் வந்தது. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமலும் வருகிறது. பசியைத் தீர்த்தது அந்த அரிசிதான், அதைக் குறை சொல்லும் உரிமை வயிறு நிறைந்தவனுக்கு இல்லை. ஆனால் தட்டில் சோறு மலையாகவும் வெஞ்சனம் ஒரு ஓரமாகவும் நின்றுவிட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. தானியம் 250 கிராம்தான். நம் வீடுகளில் இந்தக் கணக்கு ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது.

சிறுதானியம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் உமி ஒட்டாத தானியங்கள். அப்படியே அரைத்தால் தவிடும் சேர்ந்தே வரும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி ஆகியவற்றுக்கு உமி உண்டு. உமியை நீக்கும் மெஷினிலேயே தவிட்டையும் சீவிப் பளபளவென்று வெள்ளையாக்கி விற்கிறார்கள். அப்படித் தீட்டிய குதிரைவாலிக்கும் வெள்ளை அரிசிக்கும் நாரில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலையில் மட்டும் இருக்கும். மங்கலான, கொஞ்சம் பழுப்பேறிய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடைகளில் குவிந்துவிட்ட சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் முதல் பெயர் மைதா.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். சோறு ஆறிக் குளிரும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காததாக மாறுகிறது. நாரைப்போலவே அதுவும் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. வாழைக்காயிலும் முழுக்கப் பழுக்காத வாழைப்பழத்திலும் இந்த மாவு அதிகம். பரம்பரையாகப் புற்றுநோய் வரும் லிஞ்ச் என்ற மரபுக் கோளாறு உள்ள 900-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு இந்த மாவை நாளுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் நீண்டகால முடிவு 2022-இல் வந்தது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. எதிர்பாராத விதமாக, இரைப்பை முதலிய பிற உறுப்புகளின் புற்றுநோய்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அது குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ளவர்களிடம் கண்டது. பழைய சோற்றில் கிடைப்பது அந்த 30 கிராமில் சிறு பங்குதான். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள், நல்ல உணவு. மருந்து என்று பெயர் வைக்காதீர்கள்.

நாரை விட்டுக் காய், கீரை, பழத்துக்கு வந்தால் சான்று இன்னும் கொஞ்சம் மெலிகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை என்று உணவு கடந்து போகும் மேல்பாதை உறுப்புகளில் இவை காக்கக்கூடும் என்பதே பொதுவான முடிவு. பெங்களூரு, சென்னை, திருவனந்தபுரம் மூன்று ஊர்களிலும் வாய்ப்புற்று வந்த 591 பேரையும் வராத கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்ட ஆய்வு 2002, 2003 ஆண்டுகளில் வெளியானது. பச்சைக் காய்கறி, கேரட், பயறு வகைகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. அதே ஆய்வில் வெற்றிலை பாக்கும் புகையிலையும் கூட்டிய ஆபத்தோ பல மடங்கு. காய்கறி தரும் காப்பு அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

தக்காளி ஒரு நல்ல பாடம். அதன் சிவப்பு நிறமியான லைகோபீன் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயை அநேகமாகத் தடுக்கும் என்று 2007-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் எழுதியது. மேலும் ஆய்வுகள் வந்தபின், முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்று இறக்கிவிட்டது. ஒரு காய், ஒரு நிறமி, ஒரு நோய் என்று நூல் பிடித்தாற்போல் வந்த முடிவுகள் பல இப்படித்தான் தளர்ந்தன.

அதைவிட மோசமாக முடிந்தது பீட்டா கரோட்டின். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் மஞ்சள் நிறம் கொடுப்பது. காயாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், அதையே மாத்திரையாக்கிப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையிலும் ஆபத்து கூடவே, அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டில் அந்த நிறமி நூறு பொருள்களோடு கலந்து, சிறு அளவில், நாரோடு சேர்ந்து உள்ளே போகிறது. பிரித்தெடுத்துக் குவித்தால் அது வேறு பொருளாக நடந்துகொள்கிறது. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று அச்சடித்த டப்பாவை யாராவது நீட்டினால் பின்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தடித்த காய்தானே, சாப்பிட்டால் வராத புற்றும் வருமே என்று சிலர் கேட்பார்கள். காய்கறியால் நன்மை கண்ட ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லாரும் நம்மைப்போலச் சந்தைக் காயைத்தான் சாப்பிட்டார்கள். பரவை மார்க்கெட்டிலோ மாட்டுத்தாவணியிலோ வாங்கியதை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பூச்சிமருந்தால் கூடுதல் ஆபத்து, அதை முகமூடியில்லாமல் தெளிக்கும் விவசாயக் கூலிக்கே. அவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் குறைவு.

மஞ்சளைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க விட மாட்டார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பொருள் எடையில் சுமார் 3 சதவீதம். ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கிறது, உண்மை. விழுங்கினால் இரத்தத்தில் ஏறுவதே இல்லை எனலாம். பெங்களூரில் 1998-இல் நடந்த ஆய்வில் மிளகின் காரப்பொருளைச் சேர்த்தபோது இரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கானது. அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். அநேகமாகப் பூஜ்யமாக இருப்பதை 20-ஆல் பெருக்கினால் எவ்வளவு வரும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். குழம்புக்குப் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

முள்சீத்தாவும் இதே ரகம். ஆய்வகத்தில் செல்லைக் கொல்லும் அதன் பொருள், நரம்புச் செல்லையும் விடுவதில்லை. கரீபியனில் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற ஒரு நடுக்க நோய் அதிகம் இருந்ததை 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு துண்டு தின்பதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதை நிறுத்துங்கள்.

அப்படியானால் செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே கிடையாதா என்றால், இருக்கிறது. வீட்டு வாசலிலேயே பூத்திருக்கிறது. நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று சிலர் ஒதுக்கி வைக்கும் அந்த இளஞ்சிவப்புப் பூச்செடியின் இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு மருந்துகளும் வந்தன. 1960-களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் உள்ளவை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் குணமாவதில் வின்கிறிஸ்டினுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள், கொஞ்சம் கூடினாலும் விஷம். அந்த இலையை மென்று தின்பது மருத்துவமும் ஆகாது, உணவும் ஆகாது.

தாவரம் என்பதாலேயே நல்லது என்று நம்புகிறவர்கள் வெற்றிலைத் தட்டைப் பார்க்க வேண்டும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊருக்குப் பெருமைதான். குற்றவாளி இலையும் இல்லை. கொட்டைப்பாக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கை 1985-இலேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று அறிவித்தது. புகையிலை சேராத வெறும் வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையும் 2004-இல் வெளியான தொகுதியில் அதே முதல் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் புகையிலை போடுவதில்லை, சாப்பாட்டுக்குப் பின் வெறும் பாக்குதான் என்று சொல்லும் பெரியவர்கள் எந்த வீட்டிலும் உண்டு. பாக்கின் சாறு கன்னத்தின் உட்சதையை நார்நாராக இறுக்கும். நாளடைவில் வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காது. அது புற்றுக்கு முந்தைய நிலை. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. பெட்டிக்கடை ஓரத்தில் கிடக்கும் கிழிந்த சரங்களைப் பார்த்தால் தடையின் நிலைமை தெரியும். வாய்ப்புற்றைத் தடுக்கக் கீரை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, பாக்கை நிறுத்துவது.

நிலக்கடலையும் கொஞ்சம் எச்சரிக்கை கேட்கிறது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் அதில் ஒரு பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்து, தீவனமாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் காரணம் இருப்பது தெரியவந்தபோதுதான் இந்த நச்சு உலகுக்கு அறிமுகமானது. கல்லீரல் புற்றுநோய்க்கு இது ஐயமில்லாத காரணம். மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவர்களுக்கு இரட்டைக் கேடு. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் துப்பிவிடுங்கள், காசு போனால் போகட்டும். செக்கு எண்ணெய்ப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்த நச்சு நீங்கிவிடும், செக்கில் நீங்காது. ஆகவே செக்குக்குப் போகும் கடலை தேர்ந்த கடலையாக இருக்க வேண்டும். நல்ல கடலை, நன்றாகக் காய்ந்த கடலை, அருமையான உணவு என்பதில் மாற்றமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உப்பில் ஊறியவை அதிகமானால் இரைப்பைக்கு ஆகாது; ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை என்பது பரிந்துரை, ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சுக்காவுக்கு ஆபத்தில்லை. ஆனால் பதப்படுத்திய இறைச்சி 2015 முதல் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முதல் பட்டியலில் இருக்கிறது, சாசேஜ் மட்டுமில்லை, நம் உப்புக்கண்டமும் அந்த விளக்கத்துக்குள் வரும். மதுவும் உடல்பருமனும் பல புற்றுநோய்களுக்கு உறுதியான காரணங்கள். நார் மிகுந்த உணவு சீக்கிரம் வயிற்றை நிரப்பி எடையைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் மறைமுக உதவி. தினமும் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு கேழ்வரகுக்கு மாறுவதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

மாறுகிறவர்கள் ஒரே நாளில் மாற வேண்டாம். 15 கிராம் பழகிய குடலில் திடீரென்று 40 கிராமைக் கொட்டினால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, வீட்டில் சண்டை வரும். மூன்றாம் நாள் பழைய பரோட்டாவுக்கே திரும்பிவிடுவீர்கள். முதல் வாரம் ஒரு வேளைத் தானியத்தை மாற்றுங்கள், அடுத்த வாரம் சுண்டலைச் சேருங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள். பயற்றை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். பழத்தைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்னுங்கள். பிழிந்து வடிகட்டும்போது நார் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. ஆயக்குடிக் கொய்யா கிடைக்கும் காலத்தில் ஆப்பிளுக்கு அலைய வேண்டியதில்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 8 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தப்போக்கு, மார்பில் கட்டி இவற்றில் ஏதாவது தெரிந்தால் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரியாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு மண்டலப் புற்றுநோய் மையத்திலும் காட்டலாம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. குடலில் அறுவை முடிந்தவர்கள், வயிற்றில் கதிர்வீச்சு எடுக்கிறவர்கள் சில வாரங்கள் நாரைக் குறைக்க வேண்டியிருக்கும். குழைந்த வெள்ளைச் சோறும் தயிரும்தான் அப்போது சரி. கீமோ ஓடும் நாட்களில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தால் பச்சைக் காயும் தெருவோர வெட்டுப்பழமும் வேண்டாம், வேகவைத்ததைக் கொடுங்கள். எடை இழந்தவருக்கு முதல் தேவை பருப்பும் முட்டையும் பாலும். முட்டை சாப்பிடாதவர் என்றால் பருப்பையும் பாலையும் கூட்டிக்கொள்ளலாம். உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் கஷாயம், சூரணம், மஞ்சள் மாத்திரை எதுவானாலும் அதன் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்து சிதையும் வேகத்தையே மாற்றிவிடும், ஊசியின் அளவைத் தீர்மானித்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.